அம்மாவின் கொப்பியில் கப், சுண்டு, அவுன்ஸ்: கிராமுக்கு மாற்றுவது எப்படி?

வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் சமையல் குறிப்பு எழுதி வைத்த நீல மட்டைக் கொப்பி என்னிடம் இருக்கிறது. மெல்பேர்னில் இருக்கும் தங்கச்சி இந்த நத்தாருக்கு அம்மாவின் லவ் கேக்கைச் செய்யப் போகிறாளாம். "அக்கா, எல்லாவற்றையும் கிராமில் எழுதி அனுப்பு, நான் நிறுத்துத்தான் போடுவேன்" என்கிறாள்.

கொப்பியைத் திறந்தால் ஒரு பக்கம் ஒரு கணக்கு. லவ் கேக்குக்கு ரவை 8 அவுன்ஸ், பட்டர் 8 அவுன்ஸ், சீனி 1 இறாத்தல், கஜு 12 அவுன்ஸ், தேன் 4 அவுன்ஸ். பட்டர் கேக்குக்கு மா 2 கப். பயற்றம் பணியாரத்துக்குச் சுண்டு, அதாவது அரிசி, பயறு அளக்கும் பேணி. இணையத்தில் தேடினால் ஒரு கப் மா 120 கிராம் என்று ஓர் இடத்தில் இருக்கிறது, 125 என்று இன்னோர் இடத்தில், 150 என்று வேறோர் இடத்தில். எதை நம்புவது? அம்மாவின் கையெழுத்தை நான் பிழையாக மாற்றி அனுப்பிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

தெஹிவளை கேக் அக்கா

தங்கச்சி, நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் சரிதான். பன்னிரண்டு வருடமாக வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிறேன். மாவைக் கப்பால் அளப்பதை முதல் வருடத்திலேயே விட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுந்து போய் 250 மில்லிலீற்றர் கப் ஒன்றைத் தராசில் வைத்தேன். ஒரே பையில் இருந்த கோதுமை மா. முதலில் கப்பையே பைக்குள் விட்டு அள்ளிக் கத்தியால் தலை வழித்தேன்: 151 கிராம். அதைத் திருப்பிக் கொட்டிவிட்டு, கரண்டியால் மெதுவாக அள்ளி அள்ளிக் கப்பை நிரப்பித் தலை வழித்தேன்: 128. மூன்றாவது தரம் அரிதட்டில் அரித்து, கப்புக்குள் நேரே விழவிட்டு, தட்டாமல் அசைக்காமல் வழித்தேன்: 113. கப்பும் மாவும் கையும் மாறவில்லை, ஆனால் கூடியதற்கும் குறைந்ததற்கும் 38 கிராம் இடைவெளி. இரண்டு கப் மா போடும் பட்டர் கேக்கில் அது 76 கிராம் ஆகும். கேக் வறண்டு மேலே வெடிப்பதற்கு அது போதும்.

மாவுக்குள் காற்று இருக்கிறது, அதுதான் காரணம். சீனிக்கு இந்தத் தொல்லை குறைவு. மணல் மாதிரி தானே இறங்கிவிடும், எப்படி அள்ளினாலும் 250 மில்லிலீற்றர் கப்புக்கு 210 கிராம் அளவில் நிற்கும். பட்டரை இடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்பினால் 240 வரும்.

ஆகவே "ஒரு கப் எத்தனை கிராம்" என்று கேட்பதற்கு முன்னால், அம்மா எப்படி அள்ளினார் என்று யோசியுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள்தானே?

ஐந்துலாம்புச் சந்தி

அக்கா சொன்னதோடு இன்னொன்று. அள்ளும் விதத்துக்கு முன்னால் கப்பையே பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் ஏறத்தாழ 237 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாவில் 250. பழைய பிரித்தானியக் கணக்கில் அரைப் பைந்து, அதாவது 284. இதையெல்லாம் விட நம் வீடுகளில் அதிகம் குழப்புவது ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப். அது ஜப்பானிய அரிசி அளவையில் செய்யப்பட்டது, 180 மில்லிலீற்றர்தான் கொள்ளும். என் மனைவி கலியாணம் முடித்த புதிதில் அந்தக் கப்பால் மாவையும் சுடுபாலையும் அளந்து, பேக்கிங் பவுடரை மட்டும் குறிப்பில் இருந்தபடி கரண்டியால் போட்டாள். மா குறைந்தது, பவுடர் குறையவில்லை. கேக் பொங்கி எழுந்து நடுவில் குழிந்து போனது. ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது.

கப்பின் அளவைக் கண்டுபிடிப்பது சுலபம். வெறும் கப்பைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் விடுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலீற்றர். கொழும்புச் சூட்டில் ஒரு லீற்றர் தண்ணீர் 996 கிராம் அளவில் நிற்கும், ஒரு கப்பில் அந்த வித்தியாசம் ஒரு கிராம்தான், விட்டுவிடலாம்.

புறக்கோட்டையில் நடைபாதையில் வாங்கிய அளவுக் கப் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அடியில் 250 என்று அச்சடித்திருந்தது. தண்ணீர் விட்டால் 228. அதற்குப் பிறகு எந்தக் கப் வாங்கினாலும் முதல் வேலை இதுதான்.

வெள்ளவத்தை மகள்

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுத்தேன்.

அம்மா "கப்" என்று எழுதியது நீலப் பூப்போட்ட தேநீர்க் கோப்பையை. ஆறில் ஒன்றுதான் மிச்சம். தண்ணீர் விளிம்பு வரை 216 கிராம் காட்டியது. ஆனால் அம்மா விளிம்பு வரை நிரப்புவதில்லை, பூ வேலை முடியும் கோடு வரைதான். அதுவரை 190.

அம்மா கப்பைப் பைக்குள் விடவே மாட்டார். மாவை முதலில் அரித்துச் சுளகில் குவித்து வைத்துக்கொண்டு கரண்டியால்தான் கோப்பையில் போடுவார். அதே மாதிரி செய்து, கோடு வரை நிரப்பி நிறுத்தேன். மூன்று தரம்: 88, 91, 89. அப்படியானால் அம்மாவின் "மா 2 கப்" என்பது 180 கிராம்! இணையத்தைப் பார்த்து 2 கப் மா 300 கிராம் என்று எழுதி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சுண்டு எங்கள் வீட்டில் ரின்பால் பேணிதான். தண்ணீர் 304. அதில் தலைதட்டிக் கீரிச்சம்பா போட்டால் 262 கிராம், குவித்துப் போட்டால் 290க்கு மேல் போகிறது. அம்மா பயறை எப்படி அளந்தார் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. வறுக்க முன்னா, வறுத்துத் திரித்த பிறகா என்றும் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை சித்தப்பா

மகள், பயறு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய ஆட்கள் சாமானைக் கடையில் வாங்கும் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு சுண்டு பயறு என்றால் முழுப் பயறு, தலைதட்டி. மாவாக்கிய பிறகு அளந்தால் "மா ஒரு சுண்டு" என்று பிரித்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நாலு சுண்டு ஒரு கொத்து. எங்கள் ஆச்சி குவித்து அளப்பது நெல்லுக்கும் தானம் கொடுக்கும் அரிசிக்கும் மட்டும்தான், அடுப்பு வேலைக்குத் தலைதட்டித்தான்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் தராசில் ஏற்றுவது தேவையா? நாற்பது வருடமாக ஒரு பேணி அரிசிக்கு இரண்டு பேணி தண்ணீர் வைத்துத்தான் சோறாக்குகிறோம். ஒரு நாளும் பிழைத்ததில்லை. பேணி பெரிதோ சிறிதோ, இரண்டும் ஒரே பேணிதானே?

தெஹிவளை கேக் அக்கா

சித்தப்பா, சோற்றுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பங்குக் கணக்கில் ஓடும் சமையலுக்குப் பேணி போதும். பேணியை மாற்றாமல் இருந்தால் சரி.

பேணிக் கணக்கையும் தராசுக் கணக்கையும் கலந்தால்தான் பிழைக்கும். போன வருடம் என் மகன் விடுதியில் சமைக்கத் தொடங்கினான். "ஒன்றுக்கு இரண்டு" என்று நான் சொன்னதை அப்படியே தராசில் போட்டு, 200 கிராம் அரிசிக்கு 400 கிராம் தண்ணீர் வைத்தான். சோறு நடுவில் அரிசியாகவே நின்றது. 250 மில்லிலீற்றர் பேணியில் அரிசி 210 கிராம்தான், தண்ணீர் இரண்டு பேணி என்றால் 500 கிராம். நிறையில் பார்த்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.4. அவன் 200 கிராமுக்கு 475 வைத்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை சித்தப்பா

சரி, அது எனக்குத் தோன்றவில்லை. அரிசி தண்ணீரைவிட நிறை குறைவாக இருப்பதால் வரும் வித்தியாசம். ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் கறிக்கு மிளகாய்த்தூளை நிறுக்கச் சொன்னால் நான் அடுப்படிக்கு வரமாட்டேன்.

மருதானை உம்மு

நானும் சொல்ல வேண்டும். எங்கள் உம்மா வட்டிலப்பத்துக்குக் "கருப்பட்டி ஒரு கிளாஸ்" என்பார். கித்துள் கருப்பட்டியைக் கிளாஸால் எப்படி அளப்பது? கத்தியால் சீவினால் பஞ்சு மாதிரி நிற்கிறது, உரலில் தட்டினால் கல் மாதிரி இறங்குகிறது. ஒரே கட்டியை நான் இரண்டாகப் பிரித்துப் பாதியைச் சீவி, பாதியைத் தட்டிப் போட்டுப் பார்த்தேன். சீவியது கிளாஸை நிரப்பி மிஞ்சியது, தட்டியது முக்கால் கிளாஸுக்குத்தான் வந்தது. இரண்டு பாதியும் ஒரே நிறை.

அதற்குப் பிறகு 250 கிராம் கட்டி என்று எழுதி வைத்துவிட்டேன். முட்டையையும் எண்ணாமல் உடைத்து நிறுக்கிறேன். கடையில் வரும் முட்டை ஒரு கிழமை பெரிதாக இருக்கும், அடுத்த கிழமை சிறுத்து வரும். ஆறு முட்டை என்று போட்டால் ஒரு பெருநாளுக்கு வட்டிலப்பம் இறுகும், அடுத்த பெருநாளுக்கு ஆடும்.

மெல்பேர்னிலிருந்து திரும்பியவன்

வெள்ளவத்தை அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் தங்கச்சி இருக்கும் நாட்டில் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். நமக்கும் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் 15 அளவில்தான். தேக்கரண்டி எங்கும் 5. ஆகவே அங்கே ஒரு மேசைக்கரண்டி நாலு தேக்கரண்டி, இங்கே மூன்று.

பன்னீர் 2 மேசைக்கரண்டி என்று அனுப்பினால் அவர் 30க்குப் பதிலாக 40 மில்லிலீற்றர் விடுவார். வாசனைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் ஜெலற்றின் போடும் புடிங் என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், இறப்பர் மாதிரி இழுக்கும். நான் எட்டு வருடம் அங்கே இருந்தேன், இதை முதல் வருடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. கரண்டி அளவெல்லாம் தேக்கரண்டிக்கு மாற்றி எழுதுங்கள், இல்லை என்றால் மில்லிலீற்றரில் எழுதுங்கள்.

பம்பலப்பிட்டி ஏலக்காய்

என் கேள்வி தேங்காய்ப்பூ பற்றியது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணிக்கு நான் ஒரு முறை தேங்காய்ப்பூவை நிறுத்து 200 கிராம் என்று எழுதினேன். அவர் காய்ந்த தேங்காய்த் துருவல் 200 கிராம் போட்டு ரொட்டி சுட்டார். மாவே சேரவில்லை, உதிர்ந்துவிட்டது என்றார். நிறை சரிதானே, எங்கே பிழை?

தெஹிவளை கேக் அக்கா

பிழை தண்ணீரில். பச்சைத் தேங்காயில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். பைக்கற்றில் வரும் காய்ந்த துருவலில் நூற்றுக்கு மூன்று அளவில்தான் இருக்கும். உங்கள் 200 கிராம் பூவுக்குள் 100 கிராம் அளவு தண்ணீர் இருந்தது, அண்ணியின் துருவலில் அது இல்லை. 110 கிராம் துருவலை 90 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டுப் போட்டிருந்தால் ரொட்டி சேர்ந்திருக்கும்.

அவித்த மாவுக்கும் இதே கதை. இடியப்பத்துக்குக் கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து அரிக்கிறோம். ஆவி பிடித்த மா பச்சை மாவைவிட நிறை கூடியிருக்கும். "மா 500 கிராம்" என்று மட்டும் எழுதினால் போதாது, அவிக்க முன் என்றோ அவித்து அரித்த பிறகு என்றோ பக்கத்தில் எழுத வேண்டும்.

ஐந்துலாம்புச் சந்தி

தராசைப் பற்றியும் ஒரு சொல். வீட்டு டிஜிட்டல் தராசுகள் பல ஒரு கிராம் படியில்தான் காட்டும். மா நிறுக்க அது போதும், ஈஸ்டுக்கும் பேக்கிங் பவுடருக்கும் போதாது. உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக்கொண்டே போனால் தராசு அசையாமல் நிற்கும். மிக மெதுவாகக் கூடும் நிறையைச் சில தராசுகள் சும்மா ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு பூச்சியத்தையே காட்டும். ஆகவே வேறு ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஒரேயடியாகக் கொட்டுங்கள்.

கரண்டி அளவைக் கிராமாக்க வேண்டும் என்றால் ஒரு கரண்டியை நிறுக்காதீர்கள். பத்துக் கரண்டியைத் தலைதட்டிப் போட்டு நிறுத்துப் பத்தால் பிரியுங்கள். என் வீட்டில் பேக்கிங் பவுடர் பத்துத் தேக்கரண்டி 46 கிராம் வந்தது, கரண்டிக்கு 4.6. தூளுப்பு கரண்டிக்கு 6 கிராம். கல்லுப்பு அதே கரண்டியில் குறைவாகத்தான் நிற்கும், கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கிறதே. ஊறுகாய்க்கு உப்பைக் கரண்டியால் சொல்கிறவர்கள் எந்த உப்பு என்று சொல்லாவிட்டால் தேசிக்காய் பூஞ்சணம் பிடித்துவிடும்.

தராசு சரியா என்று பார்க்க, 500 கிராம் சாமான் ஒன்றை முத்திரை குத்திய தராசு உள்ள கடையில் நிறுத்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்துப் பாருங்கள். கடைத் தராசுகளுக்கு முத்திரை வைப்பது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம்.

வெள்ளவத்தை மகள்

இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவில்லை. அவுன்ஸுகளை மாற்றிவிட்டேன். அவுன்ஸ் 28.35 கிராம், இறாத்தல் 453.6. ரவை 227, பட்டர் 227, கஜு 340, சீனி 454. (பாண் கடையில் ஓர் இறாத்தல் பாண் என்று வாங்குவது 450 கிராம் என்பதால் முதலில் சீனிக்கும் 450 என்று எழுதினேன், பிறகு திருத்தினேன்.)

மிச்சம் இருப்பது தேன் 4 அவுன்ஸ். தேன் நீர்ப்பொருள். அம்மா நிறுத்தாரா, ஊற்றி அளந்தாரா?

மெல்பேர்னிலிருந்து திரும்பியவன்

நல்ல கேள்வி அக்கா. நிறை அவுன்ஸ் என்றால் 113 கிராம் தேன். நீர் அவுன்ஸ் என்றால், பிரித்தானியக் கணக்கில் அவுன்ஸ் 28.4 மில்லிலீற்றர், நாலு அவுன்ஸ் 114 மில்லிலீற்றர். தேன் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான நிறை, மில்லிலீற்றருக்கு 1.42 கிராம். அப்படியென்றால் 161 கிராம். இரண்டுக்கும் 48 கிராம் வித்தியாசம். லவ் கேக்கில் அது ஈரமாகத் தெரியும், நடுப்பகுதி வேக நேரம் எடுக்கும்.

கொட்டாஞ்சேனை சித்தப்பா

மகள், அம்மாவுக்கு இந்தக் கேக்கைச் சொல்லிக் கொடுத்தது யார்? அவர்கள் எதனால் அளந்தார்கள் என்று கேட்டால் தெரியும்.

வெள்ளவத்தை மகள்

சித்தப்பா, உங்கள் கேள்விதான் வழி காட்டியது. சொல்லிக் கொடுத்தது எங்கள் ஒழுங்கையில் இருந்த பறங்கி அம்மா ஒருவர், அவர் இப்போது இல்லை. பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு எண்பத்து நாலு வயது. கேட்டதும் யோசிக்காமல் சொன்னார்: "தேனை உன்ரை அம்மா மருந்துக் கிளாசிலை எல்லோ அளக்கிறவ. கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் கிளாஸ். தேன் ஒட்டாமல் இருக்க முதலிலை உள்ளுக்குப் பட்டர் தடவுவா."

அந்தக் கிளாஸ் வீட்டில்தான் இருக்கிறது. சாமி அறை அலுமாரியில் திருநீற்றுக்குப் பக்கத்தில் நின்றது, நான் அதைத் தினமும் பார்க்கிறேன். எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்தேன். 1, 2 என்று கண்ணாடியிலேயே வார்த்த கோடுகள். இரண்டாவது கோடு வரை தண்ணீர் விட்டு நிறுத்தேன்: 57 கிராம். இரண்டு தரம் ஊற்றினால் 114. நீர் அவுன்ஸ்தான்.

பிறகு பட்டர் தடவித் தேனை இரண்டு தரம் கோடு வரை ஊற்றிக் கிண்ணத்தில் வழித்துவிட்டு நிறுத்தேன். 160 கிராம். தம்பி சொன்ன 161க்கு ஒன்று குறைவு, அது கிளாஸில் ஒட்டியிருக்கும்.

தங்கச்சிக்கு எழுதி அனுப்பியது இது: ரவை 227 கிராம், பட்டர் 227, சீனி 454, கஜு 340, தேன் 160, பன்னீர் 30 மில்லிலீற்றர். முட்டையை மட்டும் அம்மா எழுதியபடி எண்ணிக்கையிலேயே விட்டேன். உம்மு அக்கா சொன்னது போல இங்கே ஒரு டசினை உடைத்து நிறுத்து, மஞ்சட்கருவின் நிறையை நாளைக்கு அனுப்புவேன். பூசணி தோசியை (சீனிப்பாகில் போட்ட பூசணி) கொப்பியில் "ஒரு துண்டு" என்று எழுதியிருக்கிறார், அதற்கும் பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டும்.